ஆற்றின்மேல் ஏழு பேர்

சித்திரை மாதத்து ஆற்று மணலில் குப்புறப் படுத்துக் காதை வைத்தால், உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். மேலே மணல் கொதிக்கும். ஒரு சாண் தோண்டினால் ஈரம் தட்டும். அதற்கும் கீழே, தூங்குகிற ஒருவர் மூச்சு விடுவதுபோல மெல்லிய இரைச்சல். ஏரலுக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சத்தத்தை எப்போதாவது கேட்டவர்கள்தான். ஆனால் ஒரு கோடைவிடுமுறை முழுக்க, தினமும், பயந்துகொண்டும் காத்துக்கொண்டும் அதைக் கேட்டவர்கள் நாங்கள் ஏழு பெண்பிள்ளைகள் மட்டும்தான். அப்படிக் கேட்கச் சொன்னது ஒரு ஹாக்கிப் புத்தகம்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது இப்போதும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அப்பாவை நாங்கள் 'அய்யா' என்போம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். எங்கள் தெருவில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும், பஸ்ஸில் வந்த யாராவது ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாலும், மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தாலும், 'கோமதியக் கூப்புடு' என்பார்கள். பத்து வயதுப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு தெருவே உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? 'தெரியாது' என்கிற சொல் மெல்ல மெல்ல என் வாயை விட்டுப் போய்விட்டது. புரியாத வரி வந்தால் நானாக ஒன்றைச் சேர்த்துப் படித்துவிடுவேன். ஒருமுறை முழுக்க ஆங்கிலத்தில் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராத்திரிக்கு ரெண்டு போடணும்னு போட்டிருக்கு" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னேன். அவளும் போட்டுக்கொண்டாள். மறுநாள் உச்சி வெயில் ஏறும்வரை அவள் கதவு திறக்கவில்லை. நான் அந்தக் கதவைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் எழுந்து வந்தவள், "நல்ல ஒறக்கம்ட்டி, மவராசியா இருப்ப" என்று என் கன்னத்தைத் தடவினாள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, தைரியம்தான் வந்தது.

ஐந்தாம் வகுப்புவரை ஊரிலேயே மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாம் வகுப்புக்கு ஏரலுக்கு பஸ்ஸில் போக வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு பெண்பிள்ளையும் அதுவரை போனதில்லை. அய்யா பல நாள் யோசித்து, பங்குனிக் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "ஏட்டி, அனுப்புதேன். ஆனா படிச்ச பிள்ள ஊரக் கெடுத்தான்னு ஒரு சொல் என் காதுல விழப்படாது. விழுந்துச்சு, அன்னையோட பைக்கட்ட எடுத்துப் பரண்ல போட்டுருவேன்." அய்யா எதையும் இரண்டாம் முறை சொல்கிறவர் இல்லை. சொன்னதை மாற்றுகிறவரும் இல்லை. அந்த ஒரு சொல் எங்கிருந்து வரும், யார் வாயிலிருந்து வரும் என்று நான் அந்தக் கோடை முழுவதும் அஞ்சிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் டீச்சர் கோவில்பட்டிக்காரர். அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு திரிவார்கள் என்று சொல்லுவார். அவருடைய தம்பி சின்ன வயதில் படித்த புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தன. திறந்தால் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுமுறை முழுக்க வைத்திருக்கலாம், பள்ளி திறக்கிற அன்று கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஹாக்கி விளையாடுகிற பிள்ளைகளைப் பற்றி அந்தப் பெட்டியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று மெலிசு. வடக்கே ஏதோ ஓர் ஊரில் பையன்கள் புல்தரையில் விளையாடி, சண்டை போட்டு, சேர்ந்து, கடைசியில் கோப்பை வாங்குவார்கள். அதை நின்ற இடத்திலேயே படித்து முடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மற்றது தடி. வெளிநாட்டுக் கதை, தமிழில் வந்தது. மழமழவென்ற தாள், நீல மையில் படங்கள். பெயர் 'ஆற்றின்மேல் ஏழு பேர்'.

அந்தப் பெயர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏழு பிள்ளைகள், ஓர் ஆறு. ஆற்றுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிற தரையில் அவர்கள் வளைந்த மட்டைகளோடு ஓடுகிறார்கள். 'உறைந்த ஆறு' என்று எழுதியிருந்தது. உறைந்த ஆறு எப்படி இருக்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல்மேல் இருப்பது. ஐஸ் என்றால் கடற்கரையிலிருந்து வருகிற மீன்கூடையில் உமியோடு ஒட்டிக்கொண்டிருப்பது. ஓர் ஆறு முழுவதும் அப்படி ஆகும், அதன்மேல் ஆட்கள் நடப்பார்கள் என்பது கற்பனைக்கும் எட்டாத காரியம். ஆனால் படத்தில் இருந்த வெள்ளையை நான் பார்த்திருந்தேன். கோடையில் வற்றிப்போன எங்கள் ஆற்று மணல் அப்படியே அதேபோல்தான் இருக்கும். ஆகவே உறைந்த ஆறு என்றால் வற்றிய ஆறு என்று முடிவு செய்தேன். தெருப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து அதைப் படித்துக் காட்டினேன். படத்தில் பிள்ளைகள் ஏன் கம்பளிக்குள் புதைந்து கிடக்கிறார்கள் என்று கேட்டவளிடம் வெயிலுக்கு என்றேன். செருப்புக்கு அடியில் ஏன் கத்தி கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டவளிடம் முள்ளுக்கு என்றேன். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பேச்சி மட்டும் விடாமல் கேள்வி கேட்பாள். அவள் எங்கள் தெருவுக்குப் பின்தெரு; என் வயது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாதவள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவள். பேச்சிக்கும் ஆறு வயதிலேயே இலையும் தூளும் வைத்த முறத்தை, எங்கள் ஊர்ச் சுளவை, மடியில் வைத்துவிட்டார்கள். மத்தியானம் ஆற்றங்கரை மருதமர நிழலில் அவள் சுளவோடு வந்து உட்காருவாள். இலையை வெட்டுவது, தூளை வைத்து உருட்டுவது, நுனியை மடக்குவது எல்லாம் அவள் கையே பார்த்துக்கொள்ளும். கண்ணும் காதும் என்னிடம் இருக்கும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அவளுக்கு இரண்டு வாரத்தில் அந்தப் புத்தகம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு வரியை நான் தாண்டிவிட்டால் கை நிற்காமலே சொல்லுவாள்: "நேத்து அங்கன ஒரு நாய் வந்துச்சே, இன்னைக்கு எங்க போச்சு?"

புத்தகத்துப் பிள்ளைகளின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அவற்றை மாற்றினேன். ஏழு பேருக்கும் எங்கள் ஏழு பேர் பெயரையே வைத்தேன். அணித்தலைவி கோமதி ஆனாள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கோடியில் தனியாக நின்று கோல் காக்கிற பிள்ளைக்குப் பேச்சி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது அவள் கை நின்றது. தன் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, "அது எந்த எடத்துல இருக்கு, காட்டு" என்றாள். நான் ஏதோ ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தேன். அவள் அதைக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

ஆட்டமும் தொடங்கியது. பனைமட்டையின் அடிப்பக்கம் பரந்து வளைந்திருக்கும். இரண்டு ஓரத்திலும் ரம்பம் போல இருக்கிற 'கருக்கை' அரிவாளால் சீவிவிட்டால் ஹாக்கி மட்டை. புத்தகத்தில் பந்து இல்லை, தட்டையான வட்டு. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்து அதையும் செய்தோம். ஆற்று நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு கிடந்தது. ஊர்ப்பக்கம் கணுக்கால் ஆழத்தில் ஒரு சின்ன ஓடை. எதிர்ப்பக்கம் லாரிகள் மணல் அள்ளியதில் உண்டான 'கசம்', ஆள் மூழ்குகிற பள்ளம். அந்தத் தண்ணீர் ஓடவும் ஓடாது, தெளியவும் தெளியாது, கறுத்துக் கிடக்கும். எங்கள் வட்டு ஒருநாள் அதில் விழுந்தபோது எடுக்க ஒருத்தியும் இறங்கவில்லை. திட்டின் மேற்கு முனை மெலிந்து ஒரு நாக்குப் போல இருக்கும். அங்கே இரண்டு கல் வைத்து அதுதான் பேச்சியின் கோல். புத்தகத்தில் கோல் காக்கிறவள் எல்லோருக்கும் தூரத்தில் நிற்கிறாள் அல்லவா.

புத்தகத்தின் ஆறாவது அத்தியாயத்தை அந்தக் கோடையில் நான் மூன்று முறை படித்தேன். அவர்கள் கேட்டுக்கேட்டுப் படிக்கவைத்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஆற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது. கரையில் நிற்கிற பெரியவர்கள் எல்லோரும், 'ஓடி வா, ஓடி வா' என்று கத்துகிறார்கள். தலைவி மட்டும், 'ஓடாதே, குப்புறப் படு, கையையும் காலையும் விரி, தவழ்ந்து வா' என்கிறாள். பெரியவர்கள் பேச்சைக் கேட்டு ஓடிய எதிர் அணிப் பையன் ஒருவன் ஆற்றுக்குள் போய்விடுகிறான். தலைவியின் பேச்சைக் கேட்டுப் படுத்த பேச்சி பிழைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் தரையில் காதை வைத்து ஆற்றைக் கேட்கிறார்கள்.

மூன்றாம் முறை படித்து முடித்தபோது பேச்சி கேட்டாள். "ஏட்டி கோமு, ஓடுனவன் ஏன் உள்ள போனான்? படுத்தவ ஏன் போகல?"

எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் இரண்டு மூன்று வரி விளக்கம் இருந்தது. அதில் விரிசல், கனம், பரப்பு என்று வந்தது. எதுவும் பிடிபடாததால் மூன்று முறையும் அதைத் தாண்டிவிட்டேன்.

"ஆறு ஓடுதவளத்தான் வெரட்டும்" என்றேன்.

"நம்ம ஆத்துக்கும் அதுதானா?"

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஆறுன்னா எல்லாம் ஆறுதான். புஸ்தகத்துல சும்மாவா போடுவாங்க" என்றேன். பேச்சி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இலையை எடுத்தாள்.

அந்த நாளிலிருந்து நாங்களும் ஆடுவதற்கு முன் ஏழு பேரும் வரிசையாகக் குப்புறப் படுத்து மணலில் காதை வைத்தோம். அவ்வழியாகத் துணி துவைக்க வந்த பெண்கள், "என்னட்டி, ஆத்துக்குக் காய்ச்சலா, நாடி பாக்கியளா" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது. வைகாசி பாதிக்குமேல் அந்தச் சத்தம் மாறியதுபோல எனக்குத் தோன்றியது. மேற்கே மலைப்பக்கம் மூன்று நாளாக வானம் அடைத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் ஒரு தூற்றல்கூட இல்லை, புழுக்கம் மட்டும்தான். காலையில் கொக்குகள் வந்து நிற்கிற இடத்தில் கொக்குகள் இல்லை. ஓடைத் தண்ணீர் முதல்நாளைவிட வெதுவெதுப்பாக, லேசாக மண்ணெடுத்து இருந்தது. அய்யா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மேற்கே பார்த்து, "சிற்றாத்துப் பக்கம் கொட்டுது போல. ரெண்டு நாளைக்கு ஆத்துப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது, என்ன" என்றார். நான் சரி என்றேன். பள்ளி திறக்க இன்னும் ஐந்தே நாள் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்று தோன்றியது. தலைவி நான்தான், கூப்பிட்டதும் நான்தான்.

அன்று சாயங்காலம் வெயில் மஞ்சளாக இருந்தது. காதை வைத்துக் கேட்டோம். வழக்கமான மூச்சுக்குப் பதிலாக, தூரத்தில் பாலத்தின்மேல் லாரி போவதுபோல ஓர் அதிர்வு. "லாரிதான்ட்டி" என்றேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓடையில் நுரையும் சருகும் மிதந்து வந்தன. அதையும் பார்த்தேன். பிறகு மேற்கே வளைவில் ஓர் இரைச்சல் எழுந்தது. பார்த்தால் ஆற்றின் அகலத்துக்கும் செம்மண் நிறத்தில் ஒரு மடிப்பு, உருண்டு உருண்டு, அவசரமே இல்லாததுபோல வந்துகொண்டிருந்தது.

முதலில் ஓடியது நான். இதைச் சொல்லிவிட வேண்டும். புத்தகம், தலைவி, ஆறாவது அத்தியாயம் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மட்டையைப் போட்டுவிட்டு ஓடையில் இறங்கிக் கரையேறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேர் எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேச்சி திட்டின் மேற்கு முனையில் குப்புறப் படுத்திருந்தாள். கையையும் காலையும் விரித்திருந்தாள். மோவாயை மணலில் ஊன்றி, கரைப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பைய, மிகப் பைய, தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

வாழைத்தார் ஏற்றி முடித்துக் குளிக்க வந்த ஆட்கள் அதற்குள் கரைக்கு வந்துவிட்டார்கள். அய்யாவும் அவர்களில் இருந்தார். "எந்திட்டி, எந்திச்சு ஓடியா" என்று பத்துக் குரல்கள் கத்தின. ஓடை தொடை அளவுக்கு ஏறிவிட்டது. அப்போதும் எழுந்து ஓடி வந்தால் வந்துவிடலாம். பேச்சி யார் சொல்லையும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அந்தக் கரையில் பெரியவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கரையில் நிற்கிற பெரியவர்கள் 'ஓடி வா' என்றுதான் கத்துவார்கள்; அவர்கள் பேச்சைக் கேட்டவன் செத்துப்போவான். அவளுக்குப் புத்தகம் மனப்பாடம். தலைவி சொன்னால்தான் எழுவாள்.

என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு கை எட்டும் தூரத்தில் அய்யா நின்றார். நான் இப்போது கத்தினால், நான் சொல்லித்தான் அவள் படுத்திருக்கிறாள் என்று ஆகிவிடும். புத்தகத்தில் இருந்து நான் படித்துச் சொன்ன ஒன்றால் ஒரு பிள்ளை ஆற்று நடுவில் கிடக்கிறாள் என்று ஆகிவிடும். பைக்கட்டு பரணுக்குப் போய்விடும். இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளை நினைத்தாளா என்று கேட்டால், நினைத்தாள். சொற்களாக இல்லை, ஆனால் நினைத்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பீடியைச் சுற்றி முடிக்கிற நேரம் இருக்கும்.

பேச்சிக்குப் பின்னால் கோல் கல் இரண்டும் காணாமல்போயின. மணல்நாக்கு கரைந்து அவள் பாதத்தைத் தண்ணீர் தொட்டது. அப்போதுதான் கத்தினேன். "பேச்சி, எந்திட்டி. எனக்குத் தெரியாதுட்டி. எனக்கு ஒண்ணுமே தெரியாது, எந்திச்சு ஓடியா."

கத்திய அந்தக் கணமே எழுந்தாள். நூல் கட்டி இழுத்த மாதிரி எழுந்து ஓடினாள். ஆனால் ஓடை அதற்குள் ஓடையாக இல்லை. இடுப்புக்கு மேல் வந்த தண்ணீர் அவளைத் தூக்கியது; எங்கிருந்தோ வந்த ஒரு மரத்தடி அவள் காலில் இடித்ததைக் கரையிலிருந்து நான் பார்த்தேன். அய்யா தார் கட்டுகிற லாரிக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தார். மற்றவர்கள் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து கரையில் போட்டபோது, ஆற்றில் திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

தண்ணீரைக் கக்கி அவள் கண்ணைத் திறந்ததும் அவள் அம்மா ஓடிவந்து முதலில் ஓர் அறை வைத்துவிட்டு, பிறகுதான் அழுதாள். "எல்லாப் பிள்ளையும் ஓடி வருது. ஒனக்கு மட்டும் என்னட்டி கேடு? எதுக்குட்டி படுத்த?"

"கால் தடுக்கிட்டு" என்றாள் பேச்சி.

அய்யா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவர் மூச்சு இன்னும் அடங்கவில்லை. "நீ என்னத்தட்டி தெரியாது தெரியாதுன்னு கத்துன?"

நான் வாயைத் திறப்பதற்குள் தரையிலிருந்து பேச்சி சொன்னாள். "நீந்தத் தெரியாதுன்னு கத்துனா மாமா. அதான் அவ எறங்கல."

அய்யா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அந்த ஒரு சொல் அன்றைக்கு அவர் காதில் விழவில்லை. நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

பேச்சியின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் கால் நேராகவில்லை. அவள் அம்மா அவளை ஆற்றுப் பக்கம் விடவில்லை. அவள் வீட்டு வாசலிலேயே சுளவோடு உட்கார்ந்துவிட்டாள். நான் பஸ்ஸுக்குப் போகிற வழி அந்த வாசலைத் தாண்டித்தான். முதல் வாரம் அவ்வழியே போனேன். அடுத்த வாரத்திலிருந்து கோவிலைச் சுற்றிப் போகிற நீளமான வழியைப் பழகிக்கொண்டேன். புத்தகத்தில் ஏழாவது, எட்டாவது அத்தியாயங்கள் மிச்சம் இருந்தன. அவற்றை நான் அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்தேன். ஆறாவது அத்தியாயத்தில் அந்த வரிகள் இருந்த இரண்டு பக்கங்களையும் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி ஒன்றோடொன்று ஒட்டினேன். அதன்மேல் அம்மியின் குழவியை வைத்துக் காயவிட்டேன். இனிமேல் யாரும் அதைப் படிக்கக்கூடாது என்று நினைத்தேன். புத்தகத்தை வாங்கிக்கொண்ட டீச்சர் அட்டையைத் தடவிப் பார்த்து, "ஒரு கறைகூட இல்லாம வச்சிருக்கியே" என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னைப் பாராட்டினார்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் அறிவியல் வாத்தியார் கரும்பலகையில் ஒரு குளத்தை வரைந்தார். குளிர்நாடுகளில் தண்ணீரின் மேல்பகுதி மட்டும் கெட்டியாகும், கீழே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மீன்கள் சாகாது என்றார். மேலே நிற்கிறவன் கனம் ஒரே இடத்தில் இறங்கினால் அந்த மேலோடு உடைந்துவிடும், படுத்தால் கனம் பரவித் தாங்கிக்கொள்ளும். மதியம் பன்னிரண்டு மணி, தகரக் கூரை. எனக்குக் கைகால் சில்லிட்டுப் போனது. படுப்பது சரிதான். புத்தகம் அந்த ஆற்றுக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. நான் தாண்டிப்போன மூன்று வரியில் அது காரணத்தையும் சொல்லியிருந்தது.

இப்போது பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மேசையில் என் பெயர்ப்பலகை இருக்கிறது; அய்யா ஒருமுறை வந்து அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் மிஷன் பள்ளியைப் பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். தகரப் பெட்டி எங்கே போனது என்று கேட்டேன். யாருக்கும் அப்படி ஒரு பெட்டி இருந்த நினைவே இல்லை. ஆற்றில் நாங்கள் விளையாடிய திட்டு இல்லை. திட்டு மட்டுமல்ல, மணலே இல்லை. லாரிகள் களிமண் தெரிகிறவரை அள்ளிவிட்டன. அன்று ஒரு பக்கம் கிடந்த கசம் இன்று கரைக்குக் கரை கிடக்கிறது. அதன்மேல் அமலைச்செடி பச்சையாக மூடி, தூரத்திலிருந்து பார்த்தால் நடந்து போகலாம் போலத் தரையாகத் தெரிகிறது. அதில் காதை வைத்துக் கேட்க ஓர் இடம் இல்லை.

பேச்சி உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு அதே தெருவில் இருக்கிறாள். அவள் மகள் நாலாம் வகுப்பு. போன மாதம் ஊருக்குப் போனபோது பிள்ளைக்கு ஒரு கதைப்புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். பெண்பிள்ளைகள் ஹாக்கி ஆடுகிற கதை, வண்ணப் படங்கள். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் வாசலில் உட்கார்ந்தேன். பிள்ளை என் தோளில் சாய்ந்துகொண்டு சத்தமாகப் படித்தது. பேச்சி சுளவிலிருந்து தலையைத் தூக்காமல் மகளிடம் கேட்டாள். "அதுல ஆறு வருதா?"

"இல்லம்மா. மைதானம்தான்."

"அப்பச் சரி. படி."

நாலு பக்கம் போனதும் பிள்ளை நின்றது. ஆட்டத்தில் ஏதோ ஒரு விதியைப் பற்றிய வரி. "அத்த, இப்படி அடிச்சா ஏன் செல்லாது?"

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். "தெரியலையேம்மா. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றேன்.

பேச்சி சிரித்தாள். நெடுநாள் பழகியவர்களைக் கேலி செய்கிற சிரிப்புத்தான். அதில் கோபம் ஒன்றும் இல்லை. "இந்தச் சொல்லுக்கு அன்னைக்கு எம்புட்டு நேரம் எடுத்துக்கிட்ட" என்றாள். "நான் ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே கெடந்தேன். எப்ப சொல்லுவ, எப்ப சொல்லுவன்னு."

பிள்ளை ஒன்றும் புரியாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பியது. நான் பேச்சியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இலையைத் தூளோடு உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கி, சுற்றி முடித்த பீடியைச் சுளவின் ஓரத்தில் வைத்தாள். பிறகு அடுத்த இலையை எடுத்தாள்.